பதினெட்டோடு முடிகிறதா பிள்ளையின் ஜீவனாம்சம்? மதுரை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தலைவர், செயலாளர் அவர்களுக்கும், வட்ட சட்டப் பணிகள் குழுக்களின் வழக்கறிஞர்களுக்கும், சட்டத் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம்.

ஜீவனாம்ச மனு போடுவது எப்படி என்று சொல்லித்தர இன்று ஆள் இருக்கிறது. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இருக்கும் ஒரு தாய் இலவச சட்ட உதவி எண்ணான 15100-க்குப் போன் செய்தால் வழி சொல்கிறார்கள். ஆனால் கையில் வாங்கிய அந்த உத்தரவு எந்த நாளில், எந்தக் காரணத்தால் முடிகிறது என்று சொல்லித்தர ஆள் கிடைப்பதில்லை. பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்த மாதம் பணம் நின்றுவிடும். ‘மேஜர் ஆயிடுச்சும்மா, அவ்வளவுதான்’ என்று யாராவது சொல்வார்கள், தாயும் பேசாமல் திரும்பிவிடுவார். அந்த ‘அவ்வளவுதான்’ பல வழக்குகளில் சட்டப்படி சரியில்லை. மறுபக்கம், கட்டாயம் கட்ட வேண்டிய காலத்தில் தானாக நிறுத்திவிட்டு, பிறகு வாரண்ட் வந்து விழிக்கும் தந்தையரும் உண்டு.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் வழியாகத் தயாராகும் ஒவ்வொரு ஜீவனாம்ச மனுவிலும், மக்கள் நீதிமன்றத்தில் எழுதப்படும் ஒவ்வொரு சமரச ஒப்பந்தத்திலும், பிள்ளைக்கான தொகை எப்படி முடியும் என்பதையும் எழுதுங்கள். அது எழுதப்படாததால் என்னென்ன கெடுகிறது என்பதை விரிவாகச் சொல்கிறோம்.

பெரும்பாலான உத்தரவுகள் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆம் பிரிவில் வாங்கியவை. 1.7.2024 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு இருக்கிறது. இந்தப் பிரிவில் மகனாக இருந்தாலும் மகளாக இருந்தாலும் எல்லை பதினெட்டு வயதுதான். உடல், மனக் குறைபாட்டாலோ காயத்தாலோ தன்னைத் தானே பராமரிக்க முடியாத பிள்ளைக்கு மட்டும் அந்த எல்லை கிடையாது. ஆனால் 125-ஐ மட்டும் பார்த்துவிட்டு எல்லாப் பிள்ளைக்கும் முடிந்தது என்று சொல்லிவிடக் கூடாது. இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 1956-இன் 20(3)-ஆம் பிரிவு, தன் வருமானத்திலோ சொத்திலோ வாழ முடியாத திருமணமாகாத மகளைப் பராமரிக்கும் கடமையைப் பெற்றோர் மேல் வைக்கிறது. அங்கே வயது எல்லையே இல்லை. 2020 செப்டம்பரில் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: மேஜரான, குறைபாடு ஏதும் இல்லாத மகள் 125-இல் கேட்க முடியாது, 20(3)-இல் கேட்கலாம்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. மாஜிஸ்திரேட்டால் 125-ஐத் தாண்டி 20(3)-இல் உத்தரவு போட முடியாது. குடும்ப நல நீதிமன்றத்துக்கு இரண்டு அதிகாரமும் உண்டு. ஆகவே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் எம்.சி. (ஜீவனாம்ச வழக்கு) நம்பரில் வாங்கிய உத்தரவை வைத்துக்கொண்டு, அதே கோர்ட்டில் ‘மகள் காலேஜ் படிக்கிறாள், நீட்டித்துத் தாருங்கள்’ என்று மனு போட்டால் அது நிற்காது. தள்ளுபடி ஆவதற்குள் ஒரு கல்வியாண்டே ஓடிப்போகும், அந்த ஆண்டுக்கான கட்டணத்தைத் தாய் வட்டிக்கு வாங்கிக் கட்டியிருப்பார்.

இந்த இடைவெளி விழாமலிருக்க வழி இருக்கிறது. 20-ஆம் பிரிவு மைனர் பிள்ளைக்கும் பொருந்தும். மகளுக்குப் பதினேழரை வயதாகும்போதே, தாயைக் காப்பாளராக வைத்து 20-ஆம் பிரிவில் மனு போட்டுவிடலாம். வழக்கு நடக்கும்போது பதினெட்டு முடிந்தால், மேஜர் ஆனதைப் பதிவு செய்யும் மனு ஒன்று போட்டு, தாயைக் காப்பாளர் பொறுப்பிலிருந்து விடுவித்து, மகளே கையெழுத்திட்டு வழக்கைத் தொடரலாம். அந்தச் சின்ன மனுவை மறந்துவிட்டு, மேஜரான பெண்ணை ‘மைனர்’ என்றே எழுதித் தாய் கையெழுத்துப் போட்ட காகிதங்கள் திருப்பி அனுப்பப்படுகின்றன. ஒரு வாய்தா அதிலேயே போய்விடும்.

மகள் தரப்பில் வைக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், கல்லூரி போனஃபைட் சான்றிதழ், செமஸ்டர் கட்டண ரசீதுகள், விடுதி அல்லது பஸ் செலவு விவரம், அவளுடைய வங்கிக் கணக்கின் ஆறு மாத விவரம். தந்தை வேலை செய்யும் இடம், நிலம் இருந்தால் பட்டா, சிட்டா நகல், வண்டி இருந்தால் அதன் எண் ஆகியவற்றையும் திரட்ட வேண்டும். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, இரு தரப்பும் சொத்து, கடன், வருமானத்தைச் சொல்லும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். தாயின் பழைய பிரமாணப் பத்திரத்தையே பெயரை மாற்றி மகளுடையதாகப் போடுவது பெரிய தவறு. மகளின் வருமானம், மகளின் செலவு தனியாக வர வேண்டும். பகுதிநேர வேலையில் மாதம் 3,000 ரூபாய் வந்தால் அதை மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். மறைத்தது குறுக்கு விசாரணையில் வெளிவந்தால், 3,000-க்காக வழக்கு முழுதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாயையும் எழுதலாம். படிக்கத் தரும் அந்த உதவியைத் தன்னைத் தானே பராமரிக்கும் வருமானம் என்று யாரும் வாதிட்டால் அதை விட்டுவிடக் கூடாது.

இதே 1956 சட்டத்தில் பலரும் கவனிக்காத இன்னொன்று: திருமணமாகாத மகளுக்கான பராமரிப்பு என்பதில் அவளுடைய திருமணத்துக்கான நியாயமான செலவும் அடக்கம். கல்யாணம் ஆனால் தந்தையின் மாதத் தொகை முடியும், உண்மைதான். ஆனால் அந்தக் கல்யாணச் செலவில் அவர் பங்கை முன்பே கேட்டிருக்க வேண்டும்.

இந்தச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கியர்களுக்கு மட்டும். முஸ்லிம் பிள்ளைகளைப் பொறுத்தவரை 1997-இல் நூர் சபா காத்தூன் வழக்கில், தந்தைக்கு வசதி இருக்கும்வரை மைனர் பிள்ளைகளை மேஜராகும் வரையிலும், மகள்களைத் திருமணம் வரையிலும் பராமரிக்கும் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கிறிஸ்தவ மகள்களுக்கு 20(3) போன்ற பிரிவு இல்லை. தந்தையோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, பணம் தராமல் தவிக்கவிடப்பட்ட மகளுக்குக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 வழி இருக்கிறது. அதை வழக்கறிஞர்கள் இன்னும் அதிகம் பயன்படுத்தலாம்.

மகன்களுக்குச் சட்டம் இறுக்கமானது. குறைபாடு இல்லாத மகனுக்குப் பதினெட்டுக்கு மேல் கேட்க நேரான பிரிவு எதுவும் இல்லை. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த ஆண்டிலேயே, அல்லது கல்லூரி முதல் செமஸ்டரின் நடுவிலேயே பதினெட்டு வந்துவிடுகிறது. பட்டப்படிப்பு முடிய அதற்கப்புறம் மூன்று நான்கு ஆண்டு ஆகும். 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதை ஏற்று, மகனின் முதல் பட்டம் முடியும்வரை தந்தை தர வேண்டும் என்று உத்தரவிட்டது. எல்லா வழக்கிலும் அப்படிக் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. உறுதியான வழி சமரச ஒப்பந்தம்தான். பையனுக்கு எட்டு வயதாகும்போது எழுதும் ஒப்பந்தத்தில் ‘முதல் பட்டம் முடியும்வரை, அதிகபட்சம் 22 வயது முடியும்வரை’ என்று ஒரு வரி சேர்த்தால் தந்தையும் பெரும்பாலும் மறுக்க மாட்டார். பதினெட்டாம் வயதில் அதே வரியைக் கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

இனி, எங்களை மிகவும் வருத்தும் இடத்துக்கு வருகிறோம்: தொகையைச் சேர்த்து எழுதுவது. ‘மனுதாரர்கள் மூவருக்கும் சேர்த்து மாதம் ரூ.12,000’ என்ற ஒற்றை வரியை நினைத்துப் பாருங்கள். மூவர் என்றால் மனைவி, மகள், மகன். மகளுக்குப் பதினெட்டு முடிந்ததும் தந்தை தானே மூன்றால் வகுத்து 8,000 போடுகிறார். தாய் 4,000 பாக்கி என்று கணக்கு வைக்கிறார். சட்டப்படி அந்த உத்தரவு மாறாதவரை 12,000 நிற்கிறது என்று ஒரு தரப்பும், மேஜரானவருக்கு எப்படித் தருவது என்று மறு தரப்பும் ஆண்டுக்கணக்கில் இழுப்பார்கள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனின் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் போக வேண்டிய பணம் அந்த இழுபறியில் சிக்கிவிடும். இதைத் தவிர்க்க, ஒப்பந்தத்தில் இப்படி எழுதச் சொல்கிறோம்:

‘1-ஆம் மனுதாரரான மனைவிக்கு மாதம் ரூ.5,000. 2-ஆம் மனுதாரரான மகளுக்கு, பிறந்த தேதி 1.7.2008, மாதம் ரூ.4,000. 3-ஆம் மனுதாரரான மகனுக்கு, பிறந்த தேதி 15.3.2012, மாதம் ரூ.3,000. இவை தனித்தனித் தொகைகள். ஒருவருடைய தொகை முடிவதால் மற்றவருடையது குறையாது. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். தொகை முடியும் மாதத்துக்கு முழு மாதத் தொகையும் உண்டு. மகளுடைய தொகை அவருக்குத் திருமணம் ஆகும்வரை அல்லது தன் வருமானத்தில் வாழும் நிலை வரும்வரை. மகனுடையது முதல் பட்டம் முடியும்வரை, அதிகபட்சம் 22 வயது.’

‘முழு மாதத் தொகை’ என்ற சொற்களுக்குக் காரணம் உண்டு. இந்திய மேஜர் சட்டம் 1875-இன்படி, பிறந்த நாளை முழு நாளாகக் கணக்கில் எடுத்து, பதினெட்டாவது ஆண்டு நிறைவு நாள் தொடங்கும்போதே ஒருவர் மேஜராகிறார். 15-ஆம் தேதி பிறந்தவருக்கு அந்த மாதம் பாதியா முழுசா என்று 1,500 ரூபாய்க்காக இரண்டு பேர் வாய்தா வாய்தாவாக அலையக் கூடாது. தேதியைப் பிறப்புச் சான்றிதழிலிருந்து எடுங்கள். முதல் வகுப்பில் சேர்க்க வயதைக் கூட்டிச் சொன்ன காலத்தின் மிச்சமாக, பள்ளிச் சான்றிதழில் ஆறு மாதம், ஒரு வருடம் முந்திய தேதி இருக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு முன்கூட்டியே நிறுத்தும். பிள்ளையின் பெயர் பதியாத பிறப்புச் சான்றிதழ் என்றால், மனு போடும் முன்பே மாநகராட்சியிலோ உரிய பதிவு அலுவலகத்திலோ பெயரைச் சேர்க்க வைத்துவிடுங்கள்.

பாக்கித் தொகைக்கு வருவோம். பிள்ளை மேஜரானால் பழைய பாக்கியும் போய்விடும் என்பது தவறு. ஏறிய பாக்கி ஏறியதுதான். ஆனால் வாரண்ட் மூலம் வசூலிக்க, ஒவ்வொரு தவணையும் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். மேலே சொன்ன மகளையே எடுத்துக்கொள்வோம். ஆனால் அந்த ஒப்பந்தம் இல்லாமல், மேஜராகும் வரை மட்டும் தரும் 125 உத்தரவு அவளிடம் இருப்பதாக வைப்போம். மாதம் 4,000. 2024 ஜனவரியிலிருந்து பணம் வரவில்லை. 2026 ஜூலை 1-இல் மேஜர். ஜூன் வரை மொத்தம் 30 மாதம், 1,20,000 ரூபாய். 2026 ஜூலை 3-இல் மனு போட்டால் 2025 ஜூலை 5 முதல் 2026 ஜூன் 5 வரையிலான 12 தவணைகள், 48,000 ரூபாய், வாரண்டில் வரும். ‘தீபாவளி கழியட்டும்’ என்று நவம்பர் 20 வரை தள்ளிப்போட்டால் ஏழு தவணை, 28,000 மட்டும்தான். மாதம் ஒன்று தள்ளிப்போக ஒரு தவணை கைநழுவும். அதற்கு முந்திய பாக்கி ஒரேயடியாக அழிவதில்லை. ஒரு வருட வரம்பு இந்த விரைவு வழிக்கு மட்டும்தான், சிவில் வழியில் கேட்கும் உரிமை இருக்கிறது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்துக்களின் ஜீவனாம்சப் பாக்கிக்கான சிவில் வழக்குக்குக் கால வரம்பு மூன்று ஆண்டு. ஆனால் சிவில் வழக்கின் வேகம் உங்களுக்குத் தெரியும். ஆகவே பாக்கி விழும்போதே, பத்து மாதத்துக்கு ஒருமுறையாவது நிறைவேற்று மனு போடச் சொல்லுங்கள். ஒரு மாதத் தவணைக்கு ஒரு மாதம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. உள்ளே போய்வந்தால் பாக்கி கழிந்தது என்று சில தந்தையர் நினைக்கிறார்கள். கழியாது. 1989-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவைத்துவிட்டது.

தந்தையர் தரப்புக்கும் நாங்கள் சொல்வதையே நீங்களும் முகாம்களில் சொல்ல வேண்டும். தாய் மறுமணம் செய்தால் தாயின் தொகை முடியலாம், பிள்ளையின் தொகை முடியாது. பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்பது நிறுத்தக் காரணம் ஆகாது, அதற்குத் தனி மனு இருக்கிறது. வேலை போனது, சம்பளம் குறைந்தது என்றால் பழைய 127, இப்போதைய 146-ஆம் பிரிவில் தொகையை மாற்றக் கேட்க வேண்டும். மனு போடாமல் நிறுத்திய ஒவ்வொரு மாதமும் பாக்கியாகவே ஏறும். பதினெட்டு முடிந்து நியாயமாகவே முடிந்த வழக்கிலும், சம்பளத்தில் பிடித்தம் நடந்தால் அலுவலகம் தானாக நிறுத்தாது. பிறப்புச் சான்றிதழோடு மனு போட்டு, உத்தரவின் சான்றிட்ட நகலைச் சம்பளப் பிரிவில் கொடுத்தால்தான் நிற்கும்.

பணத்தை வங்கி வழியே, எம்.சி. நம்பரும் மாதமும் குறிப்பிட்டு அனுப்பச் சொல்லுங்கள். கோர்ட் வராண்டாவில் மச்சான் கையில் கொடுத்த பணத்துக்குச் சாட்சி இருக்காது. ‘ஸ்கூல் பீஸ் நானே கட்டினேன், தீபாவளிக்குத் துணி எடுத்தேன், சடங்குக்கு மோதிரம் போட்டேன்’ என்பதெல்லாம் அன்பின் கணக்கில் சேரும். உத்தரவில் எழுதியிராவிட்டால் ஜீவனாம்சக் கணக்கில் கழிக்கக் கேட்பது கடினம்.

மாற்றுத்திறன் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு இரண்டு வேலை ஒரே நேரத்தில் வருகிறது. பதினெட்டுக்குப் பிறகும் தொகை தொடரும் உரிமை 144-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் ‘மைனருக்கு’ என்று எழுதிய பழைய உத்தரவு போதாது, புதிதாகக் கேட்க வேண்டும். யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் இருக்கும் சதவீதத்தை மட்டும் நீட்டினால் போதாது. சட்டம் கேட்பது, தன்னைத் தானே பராமரிக்க முடியாத நிலை. பிசியோதெரபிக்கு வாரம் எத்தனை முறை, ஆட்டோவுக்கு எவ்வளவு, டயபர் மாதம் எத்தனை பாக்கெட், பார்த்துக்கொள்ள ஒருவர் வேலையை விட வேண்டியிருக்கிறதா என்று எழுதினால்தான் தொகை சரியாக வரும். சான்றிதழ் தற்காலிகமானது என்றால் அதன் காலாவதித் தேதியைப் பார்த்து, மனுவுக்கு முன் புதுப்பிக்க வேண்டும். இரண்டாவது வேலை: மனவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்ததும் தாய் இயல்பாகவே காப்பாளர் என்ற நிலை முடிந்துவிடுகிறது. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன்கீழ், மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர் குழுவிடம் காப்பாளர் நியமனம் வாங்க வேண்டும். அது இல்லாமல் ஜீவனாம்ச மனுவில் பிள்ளைக்காக யார் கையெழுத்திடுவது என்ற கேள்வியிலேயே வழக்கு நிற்கும்.

விவாகரத்து ஒப்பந்தங்களில் மொத்தத் தொகை பேசும்போதும் கவனம் வேண்டும். ‘இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்’ என்று தாய் எழுதுவது தன் உரிமையைத்தான். மகளின் பராமரிப்பு உரிமையைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிள்ளைக்கான பங்கைத் தனியாகக் குறிப்பிட்டு, அதன் பெயரில் வைப்புத் தொகையாகப் போடச் செய்யுங்கள். மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. அங்கே எழுதிய ஒரு வரி தவறினால் திருத்துவது மிகக் கடினம். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கே எழுதுகிறோம்.

ஒன்று பாக்கி இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச உதவி உண்டு. மகள் மேஜரானாலும் பெண் என்ற முறையில் அந்த உரிமை தொடரும். மாற்றுத்திறனாளி மகனுக்கும் உண்டு. அந்தப் பிரிவின் வேறு எந்த வகையிலும் வராத மகனுக்குப் பதினெட்டாம் பிறந்த நாளோடு வருமான வரம்பு பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அவன் பெயரில் போட வேண்டிய பாக்கி மனுவுக்கு, மைனராக இருக்கும்போதே உங்களிடம் விண்ணப்பம் கொடுக்கச் சொல்வது நல்லது.

உங்களால் செய்யக்கூடியவை: உங்கள் உதவியில் உத்தரவு பெற்ற பிள்ளைகளின் பிறந்த தேதியை ஒரு பதிவேட்டில் குறித்து, பதினேழரை வயதில் தாய்க்கு ஓர் அஞ்சலட்டையோ குறுஞ்செய்தியோ அனுப்புங்கள். உத்தரவு நகலோடு, முடியும் நாள், பாக்கிக்கான ஒரு வருட வரம்பு, மாற்ற மனுவின் பிரிவு எண் ஆகியவற்றைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு இரு தரப்புக்கும் கொடுங்கள். அடுத்த தேசிய மக்கள் நீதிமன்றத்துக்கு வரும் குடும்ப வழக்கு ஒப்பந்தங்களில், தொகையைப் பிரித்தெழுதும் அந்த மாதிரி வாசகத்தை உங்கள் வழக்கறிஞர்கள் பயன்படுத்தச் சொல்லுங்கள். வாசகத்தைத் திருத்தி மேம்படுத்த வேண்டுமென்றால் கலந்து பேச வருகிறோம். முன்வடிவும் ஒரு பக்கத் தாளும் எங்களிடம் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
மதுரை வட்டாரத்தில் ஜீவனாம்ச மனுக்கள் தயாரிக்க உதவிவரும் குழுவினர்